ஆங்கிலேயர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்குவது ஏன், அது கோப்பைக்குள் விழுவது ஏன்

இங்கிலாந்தில் மேற்படிப்புக்காகத் தங்கியிருக்கும் ஒருவர், தாம் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான முதிய பெண்மணி மாலைதோறும் டைஜஸ்டிவ் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இது அந்நாட்டின் பழைய வழக்கமா, நாலு பேர் முன்னால் செய்தால் அநாகரிகமாகக் கருதப்படுமா, தாம் முயலும்போது மட்டும் பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுவது ஏன் என்பவை அவை. வடஇங்கிலாந்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், முதல் கேள்வியையும் மூன்றாவது கேள்வியையும் பிரித்துப் பேச எனக்கு வராது. பிஸ்கட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இரண்டில் எதற்கும் பதில் சொல்ல முடியாது.

அடுப்பிலிருந்து வெளிவரும் வரிசையில் குறித்த இடைவெளியில் சில பிஸ்கட்டுகளை எடுத்துப் பொடியாக்கி, ஒரு சிறு அலுமினியக் கிண்ணத்தில் இட்டு எடைபோட்டு, உலர்த்தும் அடுப்பில் வைத்துவிட்டு, பிறகு மறுபடி எடைபோடுவது எங்கள் கூடத்தின் அன்றாட வேலை. இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த பிஸ்கட்டில் இருந்த தண்ணீர். 100 கிராம் பாண் ரொட்டியில் சுமார் 40 கிராம் தண்ணீர் இருக்கும். 100 கிராம் பிஸ்கட்டிலோ 2 அல்லது 3 கிராம், மிஞ்சிப்போனால் 5 கிராம். மாதக்கணக்கில் பூஞ்சை பிடிக்காமல் இருப்பதும், கடித்தால் சடக்கென்று முறிவதும், வாயில் போட்டதுமே எச்சிலை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு நாவை வறட்டிவிடுவதும் இந்த வறட்சியால் வருபவை. அவ்வளவு உலர்ந்த பண்டத்தைத் தின்கிறவர் பக்கத்தில் குடிக்க ஏதாவது வைத்துக்கொள்வார். அப்படி வைத்துக்கொண்டவர் என்றாவது ஒரு நாள் ஒன்றை மற்றொன்றில் முக்காமல் இருக்கமாட்டார்.

பிஸ்கட் என்ற சொல்லே லத்தீனில் ‘இரண்டு முறை சுட்டது’ என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. நீண்ட கடற்பயணத்துக்குத் தாக்குப்பிடிப்பதற்காக மாவையும் தண்ணீரையும் பிசைந்து, கல்லைப்போல் ஆகும்வரை சுட்டு உலர்த்திய கப்பல் பிஸ்கட்டே இதன் மூதாதை. ஆங்கிலேயக் கடற்படையின் நிர்வாகத்தில் சாமுவேல் பெப்பிஸ் இருந்த காலத்தில், 1677-இல் வகுக்கப்பட்ட உணவுப் பங்கீட்டின்படி ஒவ்வொரு மாலுமிக்கும் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் பிஸ்கட்டும், ஒரு காலன் பீரும் கொடுக்கப்பட்டன. அந்த பிஸ்கட்டை அப்படியே கடிப்பது பல்லுக்குக் கேடு என்பதால், மாலுமிகள் அதை மேசையில் தட்டி உள்ளே குடியிருக்கும் வண்டுகளை உதிர்த்துவிட்டு, பீரிலோ தண்ணீரிலோ கஞ்சியிலோ ஊறவைத்துத் தின்றார்கள். பிஸ்கட்டை முக்கும் வழக்கத்தை அரச குடும்பத்தார் யாரோ தொடங்கிவைத்ததாக அவ்வப்போது சொல்லப்படும் கதைகளை நான் பொருட்படுத்துவதில்லை. பல்லை உடைக்கும் பண்டத்தை நனைத்துத் தின்ன வேண்டும் என்று ஒருவருக்கு அரண்மனையிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்த மெல்லிய பிஸ்கட், எல்லோருக்கும் கட்டுப்படியாகும் பண்டமாக ஆனது 19-ஆம் நூற்றாண்டில்தான். கார்லைல் நகரில் 1831-இல் தொழில் தொடங்கிய ஜொனாதன் டாட்ஜ்சன் கார், அச்சு இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து பிஸ்கட் வெட்டப் பயன்படுத்தினார். அவருக்கும் முன்பே, 1822-இல், ரெடிங் நகரின் லண்டன் தெருவில் ஜோசப் ஹன்ட்லி ஒரு சிறு கடை வைத்திருந்தார். லண்டனுக்கும் பாத் நகருக்கும் இடையே ஓடிய குதிரை வண்டிகள் எதிரிலிருந்த விடுதியில் நிற்கும். இறங்கும் பயணிகளுக்கு அவர் பிஸ்கட் விற்றார். குலுங்கும் வண்டியில் பிஸ்கட் நொறுங்குகிறது, மழைநாளில் நமத்துப்போகிறது என்ற இரண்டு குறைகளுக்கும் அவர் கண்ட தீர்வு தகர டப்பா. இரும்புச் சாமான் கடை வைத்திருந்த அவருடைய இளைய மகனே அந்த டப்பாக்களைச் செய்துகொடுத்தார். 1841-இல் ஜார்ஜ் பாமர் பங்காளியாகச் சேர்ந்தபின் ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் என்ற பெயரில் அந்த நிறுவனம் வளர்ந்து, நூற்றாண்டு முடியும்போது 5,000-க்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. ரெடிங்கின் கால்பந்து அணியை ரசிகர்கள் நெடுங்காலம் ‘பிஸ்கட்காரர்கள்’ என்றே அழைத்துவந்தார்கள். நகரின் அடையாளமாக இருந்த அந்தத் தொழிற்சாலையில் 1976-இல் உற்பத்தி நின்றது. மற்றொன்றையும் குறிப்பிட வேண்டும். ஹன்ட்லி, பாமர், கார், அயர்லாந்தின் ஜேக்கப் ஆகிய எல்லோரும் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். மதுவுக்கு எதிரான இயக்கத்தில் அப்பிரிவினர் பலர் முன்னின்றார்கள் என்பதால், பீர்க் குவளையின் இடத்தில் தேநீர்க் கோப்பை வந்து உட்கார்ந்த காலமும் பிஸ்கட் பெருகிய காலமும் ஒன்றாக அமைந்ததில் எனக்கு வியப்பில்லை.

அந்தக் கோப்பை சாதாரண வீடுகளுக்குள் வந்ததற்குப் பெரும் காரணம் வரி. 1784-இல் பிரிட்டன் தேயிலை மீதான வரியை 119 விழுக்காட்டிலிருந்து ஒரேயடியாக 12.5 விழுக்காட்டுக்குக் குறைத்தது. கள்ளக்கடத்தல் அடங்கி, தேயிலை கடைத்தெருவுக்கு வந்தது. 1867-இல் இலங்கையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவில் தேயிலை பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் காப்பிச் செடிகளை இலைநோய் அழித்ததும் மலையகம் முழுவதும் தேயிலைக்கு மாறியது. அங்கே கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலைக்கு நடுவே பால் சேர்த்த கடுந்தேநீர் ஒரு குவளையும், இரண்டு பிஸ்கட்டும் என்பது நிலைத்த வழக்கமாயிற்று. முற்பகல் 11 மணிக்குச் சாப்பிடும் அந்தச் சிறு தீனிக்கு அந்த மணியை வைத்தே ஆங்கிலத்தில் பெயர் உண்டு.

நாம் இன்று பெயர் சொல்லி அறியும் பிஸ்கட்டுகள் பெரும்பாலும் அப்போது பிறந்தவை. லண்டனின் பெர்மாண்ட்ஸி பகுதியில் 1857-இல் தொடங்கிய பீக் ஃபிரீன்ஸ் நிறுவனம், உலர்திராட்சையை நடுவில் வைத்து அழுத்திய கரிபால்டி பிஸ்கட்டை 1861-இல் செய்தது. விக்டோரியா அரசியின் இரண்டாவது மகனுக்கும் ருஷ்ய இளவரசி மரியாவுக்கும் 1874-இல் நடந்த திருமணத்தின் நினைவாக அதே நிறுவனம் வெளியிட்டதுதான் மேரி பிஸ்கட். காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பாலில் நனைத்துக் கொடுக்கும் நம் வீட்டு மேரி பிஸ்கட்டின் பெயரில் ஒரு ருஷ்ய இளவரசி இருக்கிறாள் என்பது எனக்கு அந்த நாட்டுக்குப் போகும்வரை தெரியாது. 1910-இல் வேறொரு பெயரில் வெளிவந்து பிறகு பெயர் மாறிய போர்பன் பிஸ்கட்டும் அவர்களுடையதே. கல்கத்தாவில் பிறந்த பிரிட்டானியா நிறுவனத்தில் 1924-இல் பீக் ஃபிரீன்ஸ் பெரும்பங்கு வாங்கியதையும், மேரியும் போர்பனும் நம் மளிகைக் கடைகளில் இன்றும் அதே பெயரில் கிடைப்பதையும் சேர்த்துப் பார்த்தால் உறவு விளங்கும். டைஜஸ்டிவ் ஸ்காட்லாந்தின் பிஸ்கட். மெக்விட்டிஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் கிராண்ட் என்பவர் வகுத்த பக்குவப்படி 1892-இல் அது வெளிவந்தது. மாவில் சேர்க்கும் சமையல் சோடா வயிற்றுப் புளிப்பை ஆற்றும் என்ற அக்கால நம்பிக்கையால் ‘செரிக்கவைப்பது’ என்று பெயர் வைத்தார்கள். சுடும்போதே அந்தச் சோடாவின் வேலை முடிந்துவிடுகிறது; செரிமானத்துக்காக அதை வாங்குகிறவர்கள் ஓமத்தண்ணீர் குடிப்பது மேல். ஒரு பக்கம் சாக்லேட் பூசிய டைஜஸ்டிவ் 1925-இலும், ஓட்ஸ் கலந்த ஹாப்நாப் 1985-இலும் வந்தன.

இனி, உங்கள் பிஸ்கட் ஏன் விழுகிறது என்பதற்கு வருகிறேன். ஒரு டைஜஸ்டிவை உடைத்து, உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே கெட்டியாகத் தெரிவது முழுவதும் புரையோடியது. மணல் வீட்டின் சுவரைப்போல் சிறு சிறு துகள்களும் அவற்றுக்கிடையே நூலிழை அகல இடைவெளிகளுமாக இருக்கும். துகள்கள் மாவுச்சத்து, அவற்றை ஒட்டவைத்திருப்பது அடுப்பில் உருகிப் பின் இறுகிய சர்க்கரை, இரண்டுக்கும் நடுவே கொழுப்பு. இந்த ஓரம் தேநீரைத் தொட்ட கணத்தில், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தேநீர் அந்த நுண்வழிகளில் தானாக ஏறுகிறது. அது சர்க்கரையைக் கரைக்கிறது, கொழுப்பை உருக்குகிறது, மாவுத் துகள்களை ஊதவைக்கிறது. ஒட்டுப்பசை கரைந்துவிட்டால் மிஞ்சுவது ஈரமான துகள்களின் குவியல்தான்; தன் எடையையே தாங்க மாட்டாமல் அது சரிந்துவிடுகிறது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் லென் ஃபிஷர் இதைத் தீர ஆராய்ந்து 1999-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதே ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர், சொட்டாமல் ஊற்றும் தேநீர்க் கெண்டியின் மூக்கைக் கணக்கிட்டவர் என்பது பொருத்தமான கூட்டு. ஃபிஷர் பயன்படுத்திய சூத்திரம் 1921-இல் வாஷ்பர்ன் என்பவர் நுண்குழாய்களில் திரவம் ஏறுவதற்காக வகுத்தது. அதன் சாரம் எளியது: திரவம் ஏறும் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் அதற்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். முதல் சில நொடிகளில் தேநீர் பாய்ந்து ஏறுவதும், பிறகு ஊர்வதும் இதனால்தான்.

சூடு இதில் பெரிய வேலை செய்கிறது. 20 பாகை செல்சியசில் இருக்கும் தண்ணீரைவிட 80 பாகையில் இருக்கும் தண்ணீரின் பிசுபிசுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பரப்பு இழுவிசையும் சற்றுக் குறைகிறது. இரண்டையும் சூத்திரத்தில் இட்டால், கொதித்து இறக்கிய தேநீர் ஆறிய தேநீரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு விரைவாக பிஸ்கட்டுக்குள் நுழையும் என்று வருகிறது. சர்க்கரையும் சூட்டில் இன்னும் விரைந்து கரையும். அந்த முதிய பெண்மணி தேநீரைப் பால் விட்டுச் சற்று ஆறவைத்த பிறகுதான் பிஸ்கட்டை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். நீங்கள் ஊற்றியவுடன் முக்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அடுத்தது பிடிக்கும் விதம். பிஸ்கட்டைச் செங்குத்தாக இறக்கினால் தேநீர் இரு முகங்களிலிருந்தும் உள்ளே வந்து நடுவில் சந்திக்கிறது. நனைந்த பகுதியில் தாங்கிப்பிடிக்க உலர்ந்த இழை ஒன்றும் மிஞ்சுவதில்லை. மாறாக, பிஸ்கட்டை ஏறக்குறையக் கிடையாகப் பிடித்து அடிமுகம் மட்டும் தேநீரில் படும்படி வைத்தால், தேநீர் முழுத் தடிமனையும் ஒரே பக்கத்திலிருந்து கடக்க வேண்டியிருக்கிறது. தூரம் இரண்டு மடங்கு என்பதால் நேரம் நான்கு மடங்கு. மேல்முகம் உலர்ந்திருக்கும்வரை அது நனைந்த அடிப்பகுதியைச் சுமந்துகொண்டிருக்கும். சாக்லேட் டைஜஸ்டிவ் என்றால் சாக்லேட் முகம் மேலே இருக்க வேண்டும். தேநீர் ஊடுருவாத அந்தப் பூச்சு ஓடு வேய்ந்த கூரையைப்போல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்தபின் உடனே புரட்டி, நனைந்த முகம் மேலே வரும்படி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு அகன்ற வாயுள்ள குவளை வேண்டும். டைஜஸ்டிவ் நம் உள்ளங்கையளவு அகலமானது என்பதால் ஒடுங்கிய பீங்கான் கோப்பையில் கிடையாக இறங்காது. எங்கள் தொழிற்சாலைச் சிற்றுண்டியறையில் 30 ஆண்டு அனுபவமுள்ள அடுப்புக்காரர் ஒருவர் பிஸ்கட்டை அரைநிலவாக உடைத்து, வளைந்த ஓரம் கீழே இருக்குமாறு சாய்த்து, மனத்துக்குள் எண்ணிக்கொண்டே முக்குவார். அவருடைய உதடு நான்கு முறை அசையும்; ஐந்தாவது அசைவுக்குப் பிஸ்கட் வாயில் இருக்கும். அவர் வாஷ்பர்ன் பெயரைக் கேள்விப்பட்டவர் அல்லர்.

எவ்வளவு நேரம் என்பது பிஸ்கட்டைப் பொறுத்தது. ஃபிஷரின் சோதனைகளில் இஞ்சி பிஸ்கட் சுமார் 3 நொடியும் டைஜஸ்டிவ் சுமார் 8 நொடியும் தாங்கின. கல்லைப்போல் கெட்டியான இஞ்சி பிஸ்கட் முதலில் விழுவது பலருக்கு நம்பமுடியாததாக இருக்கும். ஆனால் அந்தக் கெட்டித்தனம் முழுவதும் சர்க்கரையின் கெட்டித்தனம். கரையக்கூடியதால் கட்டிய வீடு அது. ரிச் டீ, மேரி ஆகியவை வேறு இனம். அவற்றின் மாவை நன்றாகப் பிசைந்து, கோதுமையின் பசைப்புரதம் வலைபோல் பின்னிக்கொள்ளும்படி செய்கிறார்கள். நனைந்தால் அவை துவண்டு தொங்கும், ஆனால் அந்த வலை சற்று நேரம் இழுத்துப் பிடிக்கும். டைஜஸ்டிவிலும் வெண்ணெய் மிகுந்த ஷார்ட்பிரெட்டிலும் கொழுப்பு மாவைப் பூசி அந்த வலை உருவாகாமல் தடுத்துவிடுகிறது. வாயில் கரைவதும் தேநீரில் கரைவதும் ஒரே காரணத்தால். ஷார்ட்பிரெட்டை முக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் வெண்ணெய் தேநீரின் மேல் எண்ணெய்ப்படலமாக மிதக்கும், இரண்டும் கெடும். ஹாப்நாப்பின் ஓட்ஸ் துண்டுகள் பந்தல்கால்கள்போல் நின்று கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

இவ்வளவு பாடுபட்டு முக்குவது எதற்கு என்றால், சுவைக்காக. உலர்ந்த பிஸ்கட்டில் மணமூட்டும் பொருள்கள் கொழுப்பிலும் சர்க்கரையிலும் சிறைப்பட்டிருக்கின்றன. சூடான தேநீர் அவற்றை விடுவித்து ஆவியாக்கித் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. பால் சேர்த்த தேநீர் இதற்கு இன்னும் ஏற்றது. நனைத்த டைஜஸ்டிவில் திடீரென்று வறுத்த கோதுமை மணம் தெரிவது பிரமை இல்லை.

ஈரத்தைப் பற்றிய இதே விஷயம் ஒருமுறை நீதிமன்றப் படியும் ஏறியது. பிரிட்டனில் கேக்குக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. 1927 முதல் விற்கப்பட்டுவந்த, ஆரஞ்சுப் பாகுக்கு மேல் சாக்லேட் பூசிய ஜாஃபா கேக், பிஸ்கட் அலமாரியில் விற்கப்படுவதாலும் பிஸ்கட் அளவில் இருப்பதாலும் பிஸ்கட்டே என்று வரித்துறை வாதிட்டது. 1991-இல் தீர்ப்பாயம் பல அம்சங்களை எடைபோட்டு அது கேக் என்றே முடிவுசெய்தது. அவற்றுள் ஒன்று இது: பழசானால் கேக் காய்ந்து கெட்டியாகும், பிஸ்கட் நமத்து மெத்தென்றாகும்; ஜாஃபா கேக்கோ கெட்டியாகிறது. எங்கள் கூடத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தன்னிடம் தண்ணீர் மிகுந்தது அதைக் காற்றுக்கு இழக்கிறது, குறைந்தது காற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது.

பொட்டலத்தைப் பிரித்தவுடனேயே சில பிஸ்கட்டுகள் உடைந்திருப்பதற்கும் காரணம் இதுவே. வண்டியில் யாரோ தூக்கிப்போட்டார்கள் என்று எப்போதும் நினைக்க வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து வெளியே வந்த பிஸ்கட்டின் ஓரம் நடுப்பகுதியைவிட உலர்ந்திருக்கும். ஆறும்போது ஓரம் காற்றின் ஈரத்தை வாங்கி விரிகிறது, நடுப்பகுதி ஈரத்தை இழந்து சுருங்குகிறது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் லேசர் ஒளியைக்கொண்டு இந்த நுண்ணிய அசைவுகளை அளந்து காட்டினார்கள். அப்படிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள ஒன்றைத் தேநீரில் இறக்கினால், நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் அது முறிந்துவிடும். மெல்ல இரு விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு முக்குவது என் வழக்கம்.

மரியாதை பற்றிய கேள்விக்கு வருகிறேன். அடுக்குத் தட்டில் சிறு சாண்ட்விச்சும் கேக்கும் வைத்து, மெல்லிய பீங்கானில் தேநீர் பரிமாறும் ஹோட்டல் விருந்துகளில் முக்குவதில்லை. அங்கே முக்குவதற்குத் தோதான பிஸ்கட்டும் பெரும்பாலும் இருக்காது. அலுவலகம், பட்டறை, சமையலறை மேசை, ரயில் ஆகியவற்றில் முக்குவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். முன்பு வர்க்க வேறுபாடு இதில் வெளிப்படையாகத் தெரிந்தது: குவளையில் குடிப்பவர் முக்குவார், தட்டோடு கூடிய கோப்பையில் குடிப்பவர் முக்கமாட்டார். இப்போது மேல்தட்டினரும் வீட்டுக்குள் முக்குகிறார்கள். விருந்தினர் முன்னால் சிலர் கையை அடக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டு உரிமையாளர் உங்கள் கண்ணெதிரே முக்குகிறார் என்றால் உங்களை விருந்தினராக நினைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நீங்களும் தயங்காமல் முக்கலாம். தேநீர் ஊற்றி ஓரிரு நிமிடம் கழித்து, கிடையாகப் பிடித்து, நான்கு எண்ணுங்கள். அப்படியும் விழுந்துவிட்டால், இன்னொரு பிஸ்கட்டைக்கொண்டு அதை மீட்க முயலாதீர்கள். அதுவும் கூடவே போய்விடும். கரண்டியை எடுத்துக் கேட்காமலே வழித்துச் சாப்பிட்டுவிடுவது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட வழி.